அடித்தவன் வாயில் இல்லாத சொல்

தம்பி,

சுகமாயிருக்கிறாயா என்று கேட்டுத் தொடங்க மனம் வரவில்லை. நீ சுகமாயில்லை என்று எனக்குத் தெரியும். நானும் சுகமாயில்லை. உன் பழைய அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிற உன் மனைவியும் சுகமாயில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து கைப்பையைக் கீழே வைக்கவில்லை, அதற்குள் நீ போன் எடுத்தாய். நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், அம்மா மாற்றிப் போட்டுவிட்டா என்று பிறகு சொல்லாதே. “கலியாணத்தண்டு எழும்பி நிண்டு, ஒருவரையொருவர் தாங்குங்கோ எண்டு கிரேக்கமெல்லாம் எடுத்து விட்டது நீங்கள்தானே அம்மா. அதையே அவளுக்குச் சொல்லி அனுப்பிவிடுங்கோ. கன்னத்திலை ஒரு அறை. அதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமே?” நான் வாய் திறக்க முதல், வாற சனிக்கிழமை மாமாவையும் கூட்டிக்கொண்டு வந்து அவளை ஏற்றிக்கொண்டு போவேன் என்றும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். போனில் கதைத்தால் நீ இடையில் வெட்டுவாய். எழுதினால் கடைசி வரிவரைக்கும் வாசிப்பாய், சின்ன வயதிலிருந்தே அந்த நல்ல பழக்கம் உனக்கு உண்டு. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

இதை நீ மட்டும் வாசிக்கப்போவதில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னிடம் படித்துப் போதகராய்ப் போனவர்கள் நடத்துகிற சபைப் பத்திரிகைக்கும் ஒரு பிரதி போகிறது. பயப்படாதே, ஒருவருடைய பெயரும் போடவில்லை, அவளிடம் கேட்டுத்தான் அனுப்புகிறேன். உன்னைச் சந்திக்கு இழுக்க வேண்டுமென்று எனக்கு ஆசையில்லை. ஆனால் யோசித்துப் பார். போதகப் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளுக்குக் கிரேக்கம் படிப்பித்தே என் தலை நரைத்தது. ஒவ்வொரு வகுப்பும் படிப்பு முடிந்து போகும்போது ஆளுக்கொரு வினைச்சொல்லை அவர்களுடைய புதிய ஏற்பாட்டின் முதல் பக்கத்தில் எழுதிக் கொடுப்பது என் வழக்கம். போகிற இடத்தில் இதை வைத்துக்கொண்டு ஊழியம் செய் என்று சொல்லி அனுப்புவேன். நீ சின்னப் பிள்ளையாய் இருக்கும்போது அந்த நாளில் என் மேசைக்குப் பக்கத்தில் நின்று மை உறிஞ்சும் தாளை நீட்டுவாய். எத்தனையோ பேருக்கு நான் கொடுத்தது இந்தத் ‘தாங்கு’ என்ற சொல்லைத்தான். அவர்கள் எந்தெந்தத் தேயிலைத் தோட்டத்தில், எந்தெந்தக் கலியாண வீட்டில் எழும்பி நின்று என்னைப்போலவே அரைகுறையாய் இதைச் சொல்லிக்கொண்டு இருக்கிறார்களோ தெரியாது. அதனால் அவர்களும் வாசிக்கட்டும்.

உங்கள் இரண்டு பேருக்கும் நான் கொடுத்த கிரேக்கச் சொல் அனெகொமாய். உனக்கு ஞாபகம் இருக்கும். கலியாண விருந்தில் என்னை ஒரு வார்த்தை பேசச் சொன்னார்கள், நான் ஒரு வார்த்தையைப் பற்றி நீட்டி முழக்கிவிட்டேன். மேலே என்று ஒரு துண்டு, பிடித்துக்கொள் என்று ஒரு துண்டு, இரண்டும் சேர்ந்து விழாமல் பிடித்துக்கொள், தாங்கு, பொறுத்துக்கொள் என்று வருகிறது என்று விளக்கினேன். எல்லாரும் கை தட்டினார்கள். மாமா வீடியோ எடுத்தான். நேற்று அந்த வீடியோவைத் தேடி எடுத்துப் பார்த்தேன், தம்பி. ‘ஒருவரையொருவர்’ என்று வாய் சொல்கிறது, கண் அவளைத்தான் பார்க்கிறது. உன் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. அவள் சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு, டீச்சருக்குமுன் நிற்கிற பிள்ளை மாதிரித் தலையாட்டிக்கொண்டு நிற்கிறாள். நீ பக்கத்தில் நின்று யாரோ கூட்டாளியைப் பார்த்துச் சிரிக்கிறாய். நான் பேசியது உன் காதில் ஏறாததில் என்ன அதிசயம்? உனக்கு என்று நான் பேசவேயில்லையே.

அவள் வந்த விதத்தைச் சொல்கிறேன், கேள். சனிக்கிழமை மத்தியானம், மழை விட்டிருந்த நேரம். கேற்றைத் தட்டும் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால், பள்ளிக்கூடம் கொண்டுபோகிற பையோடு நிற்கிறாள். கலகெதரவிலிருந்து கண்டி பஸ் ஏறி, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் இறங்கி, ஓட்டோவும் பிடிக்காமல் இந்த ஏற்றம் முழுக்க நடந்து வந்திருக்கிறாள். இடது கன்னம் வீங்கியிருந்தது. நான் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? “தம்பி சாப்பிட்டானா?” கேட்டுவிட்டேன், ராசா. வீங்கின முகத்தோடு வாசலில் நிற்கிற பிள்ளையிடம், என் மகன் சாப்பிட்டானா என்று கேட்டேன். அவள் பையைத் தோளிலிருந்து இறக்கினாள். பிறகு “அலுமாரிக் கதவு பட்டுருச்சு அத்தை” என்றாள். நான் கேட்காத கேள்விக்குப் பதில். எந்த அலுமாரிக் கதவுக்கும் நாலு விரல் இல்லை என்று எனக்குத் தெரியாதா? உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குடிக்காமல், வெகுநேரம் அப்படியே இருந்தாள்.

அன்றைக்குப் பின்னேரம்தான் வாய் திறந்தாள். முதல்நாள் இரவு உன்னுடைய வங்கியிலிருந்து மனேஜரும் மற்றவர்களும் சாப்பிட வந்ததாகவும், விடியவே எழும்பி எல்லாம் சமைத்ததாகவும் சொன்னாள். மனேஜருடைய மனைவி, புசல்லாவையில் உங்கள் அப்பா என்ன செய்கிறார் என்று விசாரித்திருக்கிறா. தோட்டத்தில் உத்தியோகம் என்று சொல்லவேண்டும் என்று நீ முதலே சொல்லிக்கொடுத்திருந்தாயாம். அவள் அதைச் சொல்லவில்லை. அப்பா தேயிலை பெக்டரியில் வேலை செய்தவர், அம்மா இப்பவும் கொழுந்து எடுக்கிறாங்க என்று உள்ளதைச் சொல்லியிருக்கிறாள். விருந்தாளிகள் போனபிறகு குசினிக்குள் வந்து அடித்தாய். “பொய் சொல்ல வாய் வரல அத்தை. எங்க அம்மா கொழுந்து எடுத்துத்தான் என்னைய டீச்சராக்குச்சு. அதை எப்படி இல்லேன்னு சொல்றது?” என்று என்னைக் கேட்டாள். கணிதம் படிப்பிக்கிற பிள்ளை, அவளுக்கு இருக்கிறது இருக்கிறதுதான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்கள் சொந்தக்காரர் கூடுகிற இடத்தில் ‘தோட்டத்துப் பகுதி’ என்று குரலைத் தாழ்த்திச் சொல்லுகிற பேச்சு எங்கள் வீட்டிலும் நடந்ததுதான், இல்லையென்று சொல்லமாட்டேன். அந்த வெட்கத்தை நீ எங்கள் சாப்பாட்டு மேசையில் பொறுக்கியிருக்கலாம். ஆனால் கை உன்னுடையது.

ஏன் புசல்லாவைக்குப் போகாமல் இங்கே வந்தாய் என்று கேட்டேன். “அங்க போனா அப்பா அழுவாரு. அம்மா ரெண்டு நாள் வச்சிருந்துட்டு, ஊரு பேசும்னு திருப்பி அனுப்பிடும். பஸ் ஏறுறப்ப எங்க போறதுன்னே தெரியல. ஒங்க வீடுதான் ஞாபகம் வந்துச்சு” என்றாள். பெற்ற வீடு திருப்பி அனுப்பிவிடும் என்று மாமியார் வீட்டுக்கு ஒருத்தி வருகிறாள் என்றால், அவள் என்மேல் எவ்வளவு நம்பிக்கை வைத்திருக்கவேண்டும். அந்த நம்பிக்கைக்கு நான் தகுதியானவளா என்று இரவெல்லாம் புரண்டு புரண்டு படுத்தேன். அடுத்தநாள்தான் நீ போன் எடுத்தாய். சத்தமாய்க் கதைக்கிற பழக்கம் உனக்கு, அவள் குசினி வாசலில் நின்று எல்லாம் கேட்டுவிட்டாள். நான் போனை வைத்ததும் மெதுவாய் வந்து கேட்டாள்: “அத்தை, நீங்க குடுத்த அந்த வார்த்தையில, எவ்வளவு பொறுக்கணும்னு போட்டிருக்கா?” கிண்டல் ஒன்றும் இல்லை, உண்மையாய்த்தான் கேட்டாள். இத்தனை வருடம் படிப்பித்தவள் பதில் தெரியாமல் முழித்தேன். பிறகு மேசையைத் துடைத்துப் புத்தகங்களை இறக்கி, அந்தச் சொல் வருகிற ஒவ்வொரு இடத்தையும் முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினேன். நான் கண்டதைத்தான் உனக்கு எழுதுகிறேன்.

முதலில் ஆண்டவருடைய வாயிலேயே வருகிறது. வலிப்பு வருகிற பிள்ளையை ஒரு தகப்பன் கொண்டுவருகிறான், சீஷர்களால் ஒன்றும் செய்ய ஏலவில்லை, அப்போது அவர் சலித்துக்கொள்கிறார்: இன்னும் எவ்வளவு காலத்துக்கு உங்களைப் பொறுத்துக்கொண்டிருப்பது என்று. அதே அனெகொமாய். இதைக் கலியாண வீட்டில் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறாயா? ஒருவரும் சொல்லமாட்டார்கள். தாங்குவது என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்த முகமாய் இருப்பது என்றுதான் நாங்கள் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். அவரோ வாய்விட்டுச் சொல்கிறார், போதும் போதும் என்றாகிவிட்டது என்று. சொல்லிவிட்டு அந்தப் பிள்ளையைக் கிட்டக் கொண்டுவரச் சொல்லிச் சுகப்படுத்துகிறார். தாங்குகிறவருக்கும் அலுப்பு வரும், அதை வெளியில் சொல்ல அவருக்கு உரிமையும் இருக்கிறது. உன் மனைவி ஒருநாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள் என்று என்னிடம் குறை சொன்னாயே, அந்த உரிமையைத்தான் அவள் எடுத்துக்கொண்டாள்.

பிறகு பவுலுடைய கடிதங்கள். ‘ஒருவரையொருவர்’ என்று வருகிற இடங்கள் அங்கேதான், நான் கலியாணத்தில் பிடித்துக்கொண்ட இடமும் அதுதான். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு உன் அப்பாவோடு இருந்துதான் தெரியும். அவருக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும், உனக்குத் தெரியாததா. வேலை பார்த்த கச்சேரி அலுவலகத்தில் என்னவோ நடந்திருக்கும், வீட்டுக்கு வந்து கறியில் உப்பில்லை என்று குதிப்பார். குதித்துவிட்டு சேர்ட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். அப்போது நாங்கள் நகரத்துக்குள் வாடகை வீட்டில் இருந்தோம், அவர் வாவியைச் சுற்றி நடந்துவிட்டு, கோபம் ஆறினபிறகு கடலைச் சுருளோடு திரும்பி வருவார். நீயும் பின்னால் ஓடுவாய். ஏனப்பா வீட்டில் நிற்கவில்லை என்று நீ ஒருநாள் கேட்டதற்கு, “நிண்டா வாய் கூடும், வாய் கூடினா கை கூடும். அதுதான் காலைக் கூட்டுறன்” என்று சொன்னாராம். நீதான் ஓடிவந்து என்னிடம் சொல்லிச் சிரித்தாய். அவரை நான் தாங்கினேன் என்று ஊர் சொல்லும். என்னை அவர் தாங்கியதை ஒருவரும் சொல்லமாட்டார்கள். விடைத்தாள் திருத்திக்கொண்டு இருந்து எத்தனை சோற்றை அடிப்பிடிக்க விட்டிருப்பேன்! அந்தக் கருகலைச் சுரண்டிச் சாப்பிட்டுவிட்டு, இண்டைக்கு நல்ல வாசமாய் இருக்கு என்று என்னைப் பகிடி பண்ணுவார். கடைசியில் பாரிசவாதம் வந்து படுத்தபோது நான் குளிப்பாட்டினேன், அவர் கத்தினார், நானும் கத்தினேன், பிறகு இரண்டு பேரும் அழுதோம். அதுதான் ஒருவரையொருவர். அது இரண்டு பேருக்கும் வலிக்கும். உன் வீட்டில் வலித்தது ஒருத்திக்கு மட்டும்தான்.

நீ கெட்டிக்காரன். போனை வைத்த கையோடு மெசேஜ் ஒன்றும் அனுப்பினாய்: பவுல், மற்றவர்கள் தங்களைத் துன்பப்படுத்தும்போது தாங்கிக்கொள்கிறோம் என்று எழுதியிருக்கிறாரே, அப்ப அவள் தாங்கினால் என்ன என்று. நான் சொல்லித்தந்த கிரேக்கத்தை எனக்கே திருப்பி விடுகிறாய். சரி, வா, பார்ப்போம். அங்கே யார் கதைக்கிறது? அடி வாங்கினவன் தன்னைப்பற்றித் தானே கதைக்கிறான். நான் தாங்கினேன் என்று அவன் சொல்லலாம், அது அவனுடைய பாடு, அவனுடைய பெருமை. பவுலை அடித்தவன் வந்து நின்று, பவுலே தாங்கு என்று சொல்லவில்லை. நான் ஒவ்வொரு இடமாய் விரல் வைத்துத் தேடினேன், தம்பி. தாங்குகிறேன் என்று தாங்குகிறவர் சொல்லுகிறார். ஒருவரையொருவர் தாங்குங்கள் என்று இரண்டு பக்கத்துக்கும் சொல்லப்படுகிறது. என் புத்தியீனத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று ஒருவன் தன் மடமையைத் தானே ஒத்துக்கொண்டு கேட்கிறான். அடித்தவன் அடி வாங்கினவளைப் பார்த்துச் சொல்வதற்கு அந்தச் சொல் ஒரு இடத்திலும் இல்லை. உன்னால் அதை எடுத்தாளவே முடியாது. கெஞ்சிக் கேட்கலாம், அதுவும் உன் தப்பை முதலில் வாயால் சொல்லிவிட்டு. கட்டளை போட முடியாது. உனக்காக என் வாயால் போடுவிக்கவும் முடியாது.

இன்னொரு இடம் இருக்கிறது. கொரிந்தியருக்கு எழுதின இரண்டாம் கடிதத்தில் பவுல் அவர்களை நக்கலடிக்கிறார். உங்களை ஒருவன் அடிமையாக்கினாலும் பொறுத்துக்கொள்கிறீர்கள், உங்களைத் தின்று தீர்த்தாலும் பொறுத்துக்கொள்கிறீர்கள், முகத்தில் அறைந்தாலும் பொறுத்துக்கொள்கிறீர்கள், நல்லாயிருக்கிறது உங்கள் புத்தி என்கிற தோரணையில் சொல்கிறார். அதே சொல், முகத்தில் அறை என்றே இருக்கிறது. இதை நான் வகுப்பில் எப்படிப் படிப்பித்தேன் தெரியுமா? எழுத்தாளர் கிண்டலாய்ப் பேசுவதற்கு நல்ல உதாரணம், பரீட்சைக்கு வரும், குறித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவேன். அறை வாங்கிப் பொறுத்திருப்பதை அவர் புகழவில்லை, பழிக்கிறார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு பெண்ணுடைய கன்னத்தை அதில் வைத்துப் பார்த்ததில்லை. திங்கட்கிழமை அதை அவளுக்குத் தமிழில் மெதுவாய் வாசித்துச் சொன்னேன். அவள் மேசையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுடைய கொப்பிகளைத் திருத்திக்கொண்டு இருந்தாள், சிவப்புப் பேனை அப்படியே நின்றது. “இது பைபிள்லயே இருக்கா அத்தை?” என்றாள். இருக்கிறது பிள்ளை என்றேன். “அப்ப ஏன் கலியாணத்துல யாரும் இதை வாசிக்கிறதில்ல?” என்று கேட்டுவிட்டு அழத் தொடங்கினாள். வந்த நாளிலிருந்து அவள் அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன். கொப்பியில் கண்ணீர் பட்டு, ஏதோ ஒரு பிள்ளையின் கணக்கு அழிந்துபோனது.

மாமா செவ்வாய்க்கிழமை போன் எடுத்தான். என் கூடப்பிறந்தவன், எனக்கு இளையவன், எனக்குப் புத்தி சொல்கிறான். “அக்கா, உதுகளை வெளியில விடாதேங்கோ. பிள்ளையைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிடுங்கோ. ஆம்பிளைப்பிள்ளை, ஏதோ கோபத்திலை கை நீட்டிட்டான். எங்கடை குடும்பத்துக்கு ஒரு மரியாதை இருக்கெல்லே?” என்றான். எனக்கு வந்ததே கோபம்! “உன்ரை மகளுக்கு ஒருத்தன் கை நீட்டினா இதே கதை கதைப்பியோடா?” என்று கேட்டேன். அது வேறை இது வேறை என்றான். “என்ன வேறை? உன்ரை மகள் யாழ்ப்பாணம், இவள் தோட்டம், அதுவோ வேறை?” என்றேன். வைத்துவிட்டான். சனிக்கிழமை அவன் உன்னோடு வரமாட்டான் என்று நினைக்கிறேன். வந்தாலும் கேற்றுக்கு வெளியே நிற்கட்டும், எனக்கு இப்போது யாருடைய மரியாதையையும் சுமக்க இடுப்பில் பெலனில்லை.

கடைசியாய் ஒரு இடம், அதுதான் என்னை உலுக்கியது. அப்போஸ்தலருடைய நடபடிகளில் கொரிந்து பட்டணத்தில் ஒரு ரோம அதிகாரி வருகிறான், நியாயம் விசாரிக்கிறவன். பவுலைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து அவன்முன் குற்றம் சாட்டுகிறார்கள். அவன் என்ன சொல்கிறான் என்றால், ஒரு அநியாயமோ கொடுமையோ நடந்திருந்தால் உங்களைப் பொறுமையாய்க் கேட்பது நியாயம், உங்களுடைய சொற்சண்டைக்கெல்லாம் நான் ஆளில்லை என்று விரட்டிவிடுகிறான். அந்தப் பொறுமைக்கும் இதே சொல்தான். அவன் விசுவாசியும் இல்லை, நல்லவனும் இல்லை, அவன் கண்ணுக்கு முன்னாலேயே பிறகு ஒருவனை அடிக்கிறார்கள், அவன் திரும்பியும் பார்க்கவில்லை. ஆனால் அவனுக்குக்கூட ஒன்று தெரிந்திருக்கிறது: அநியாயம் நடந்த இடத்தில் பொறுமை என்றால் முறைப்பாட்டை எடுத்துக் கடைசிவரை கேட்பது. அடிவாங்கினவளை வாயை மூடு என்று சொல்வது இல்லை. நான் இந்த வீட்டில் அவளைத் தாங்குவது என்றால் அவள் சொல்வதைக் கேட்பதுதான் என்று அன்றைக்கு விளங்கியது. கேட்டேன். இது முதல் அறை இல்லை என்பதையும் அப்போதுதான் சொன்னாள். நீ என்னிடம் ‘ஒரு அறை’ என்றாய். இரண்டு பேரில் யாரை நம்பினேன் என்று கேட்காதே, உனக்கே தெரியும்.

இன்று காலை பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போது தலையைக் குனிந்துகொண்டே கேட்டாள்: “அத்தை, நான் பொலிசுல போய் என்ட்ரி போட்டா, நீங்க கோவிச்சுக்குவீங்களா?” கையிலிருந்த பாணைத் தட்டில் வைத்தேன். நீ என் வயிற்றில் பிறந்தவன். உன் பெயரைப் பொலிஸ் புத்தகத்தில் எழுதப்போகிறார்கள் என்றால், வங்கியில் தெரியவந்தால், நீ ஒற்றைப் பிள்ளை, எனக்கு உன்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்? இதெல்லாம் ஒரு விநாடியில் வந்து போனது. வேண்டாம் பிள்ளை, இன்னும் ஒருமுறை பொறுத்துப் பார் என்று சொல்ல வாய் வந்தது, அதையும் மறைக்கவில்லை. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமே இல்லை, என் பதில் எதுவாயிருந்தாலும் தலையாட்டுவதற்குத் தயாராய் இருந்தாள், கலியாணத்தண்டு நின்ற மாதிரியே. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. “கோபிக்கமாட்டேன்” என்றேன். “தனியப் போகவேண்டாம், நானும் வாறன்” என்றேன்.

ஆகவே சனிக்கிழமை நீ வருவதற்கு முன்னம் இது நடந்திருக்கும். கோபப்படு, கத்து, போனை எறி, ஆனால் கேள். நீ வரத்தான் வேண்டும். தனியாய் வா. விறாந்தையில் இரு, அவள் வெளியே வந்து கதைக்கச் சம்மதித்தால் அவள் சொல்லி முடிக்கும்மட்டும் வாய் திறக்காதே. ஒரு வார்த்தை இடையில் வெட்டினாலும் நான் எழும்பிவிடுவேன். பிறகு அவள் உன்னோடு வருகிறேன் என்றால் வரட்டும், அது அவளுடைய தீர்மானம். வரவில்லை என்றால் உன் பழைய அறை இனி அவளுடையது, நீ வரும்போது கூடத்தில் பாய் விரித்துத் தருவேன். உன்னை நான் கைவிடமாட்டேன், ராசா. நீ கூப்பிடுகிற நேரமெல்லாம் போன் எடுப்பேன், உனக்குச் சோறு போடுவேன், உனக்காக முழங்காலில் நிற்பேன். கோபத்தை அடக்கப் பழக்குகிற இடம் ஏதாவது இருந்தால் கூடவே வந்து வாசலில் காத்திருப்பேன். நீ திருந்துவாய் என்று நம்புகிறேன். ஆனால் அந்த நம்பிக்கைக்கு அவளுடைய கன்னத்தை ஈடு வைக்க எனக்கு அனுமதியில்லை.

நாளைக்குக் காலையில் போகிறோம். அவளுக்குச் சிங்களம் நல்லாய் வரும், தானே சொல்லுவாள், நான் பக்கத்தில் இருக்கப்போகிறேன். பெண்களுக்கான பிரிவில் ஒரு பெண் பொலிஸ்தான் எழுதுவா என்று விசாரித்து வைத்திருக்கிறேன். அவள் சொல்வதை எழுதி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, நீங்கள் யார் என்று கட்டாயம் கேட்பா. பிள்ளையின் அம்மாவா என்றும் கேட்கலாம், அப்படித்தான் எல்லாரும் நினைப்பார்கள். ஓம் என்று சொல்லிவிட்டால் எனக்கு லேசு. நான் அப்படிச் சொல்லப்போவதில்லை. அடித்தவனுடைய தாய் என்று சொல்லப்போகிறேன்.

அம்மா